சுட்டால் கோப்பு அழியும்

நேற்று ராத்திரி கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம் உணவு) கடையில் அக்கா மகன் கேட்டான், "மாமா, கேமில் தோற்றால் நிஜத்திலும் ஏதாவது போகிற மாதிரி ஒன்று இருக்கா?"

இருக்கிறது. 2009இல் ஸாக் கேஜ் என்கிற அமெரிக்கக் கலைஞர் செய்த 'லூஸ்/லூஸ்'. பார்க்கப் பழைய விண்கப்பல் சுடும் ஆட்டம்தான், ஆனால் திரையில் வருகிற ஒவ்வொரு வேற்றுலக உயிரியும் நம் கணினியில் இருக்கிற ஏதோ ஒரு கோப்பு. சுட்டால் அந்தக் கோப்பு நிஜமாகவே அழிந்துவிடும், நம் கப்பல் போனால் விளையாட்டே தன்னை அழித்துக்கொள்ளும். இத்தனைக்கும் முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்கள். வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் இதை ஆபத்தான நிரல் என்றே வகைப்படுத்தின.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்த உயிரிகள் நம்மை ஒருபோதும் சுடுவதே இல்லை! நாம்தான், கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகவே சுட ஆரம்பிக்கிறோம்.

ஜெர்மனியில் 2001இல் வந்த 'பெயின்ஸ்டேஷன்' இன்னொரு வகை, திரையில் பந்தாடும் இயந்திரம்; பந்தைத் தவறவிட்டால் கையில் சூடு, மின்அதிர்ச்சி, சின்ன சாட்டையடி. அந்த வலி கொஞ்ச நேரத்தில் போய்விடும். அழிந்த கோப்பு அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் என் ஹார்ட் டிஸ்க் கெட்டு, அப்பாவோடு பத்துமலை தைப்பூசத்தில் எடுத்த படங்கள் எல்லாம் போயின, அப்பாவும் இப்போது இல்லை. அந்த ஆட்டத்தை என்னால் திறக்கவே முடியாது.

அக்கா மகன் ரொட்டி சானாயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம், "சுடாமலே விளையாடலாமா மாமா?" என்றான்.

விளையாடலாம்டா. புள்ளிதான் வராது.