பந்தல் போட்ட இடம் எங்கள் லயம்

போன ஞாயிறு மலேசியாவில் எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் கல்யாணம். 2007இல் ஊர்ப்பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெண், மாப்பிள்ளை இரண்டு பேருமே என் கூட்டாளிகள். ஒன்றாம் ஆண்டிலிருந்து தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூவரும் ஒரே வகுப்பு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வீட்டில் கூப்பிடுகிறபடி குட்டி, ராசா என்றே எழுதுகிறேன்.

கிள்ளானில் ஏர்கோன் மண்டபம் பார்த்துத் தருகிறேன் என்று குட்டியை நச்சரித்தவள் நான்தான். ஜூன் வெயிலில் வெட்டவெளியில் பட்டுச்சேலை கட்டி உட்கார முடியுமா? அவள் கேட்கவில்லை. "நம்ம கோயில் முன்னாலதான். அம்மா வேற எங்கயும் ஒத்துக்க மாட்டாங்க."

அம்மாவுக்கு அது பெரிய விஷயம். மார்ச் மாதமே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. 1982 மார்ச் 1 முதல் இங்கே எங்கள் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். ஆனால் பெரியம்மா (குட்டியின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதைக் கல்யாணக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தாலி ஏறும்வரை ராசா வீட்டுக்கு வந்தால் வாசலில் நாற்காலி போட்டுத்தான் மைலோ கொடுத்தார்.

தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். பால்மரம் போனது, பாலெடுக்க மரப்பட்டையைச் சீவி மரம் வெட்டுகிறவர்களும் போனார்கள், அப்புறம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களையும் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் அரசமரமும்தான். காலையில் காரை விட்டு இறங்கியதும் கல்யாணக் கூடாரங்களான கெமாக்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் அடித்திருந்தார்கள். மணவறைக்குப் பின்னால், லாலாங் புல்லுக்கு நடுவே, சிமெண்டு மேடை ஒன்று தெரிந்தது. பொதுக் குழாய் இருந்த மேடை. குட்டியும் நானும் வாளி வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற இடம்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா வந்தார். இட்லியும் மீகூனும் தட்டில் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுபோனது. பெரிய விசிறிகள் நின்றன, ஐயரின் மைக்கும் செத்தது. பின்வரிசையில் சலசலப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே நாள் இது. ராசாவின் அண்ணன் ஓடிப்போய் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார், அது உயிர் பெறவில்லை. சரி, யாரும் காத்திருக்கவில்லை. பத்திரிகை அட்டைகளை எடுத்து எல்லோரும் விசிற ஆரம்பித்தார்கள். அந்த அமைதியில்தான் செம்பனை மட்டைகள் உரசும் சத்தமும் ஐயரின் வெறும் குரலும் காதில் விழுந்தன.

தாலித்தட்டைப் பெரியம்மாவே ஒவ்வொருவரிடமும் ஆசிக்கு எடுத்து வந்தார். அந்தக் கைகளை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறினால் பால் வடியாதே என்று ஓடி ஓடி மரம் வெட்டிய கைகள். வலது கை விரல்கள் முழுதாக நீளவில்லை, இன்னும் வெட்டுக்கத்தியைப் பிடித்திருப்பதுபோல உள்ளே மடங்கியே இருந்தன. தட்டைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். தாலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அந்த விரல்களையும் தொட்டேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மைக் இல்லாமலே "கெட்டிமேளம்!" என்று கூட்டமே கத்தியது. மேளத்தோடு, வெளியே காத்திருந்த உறுமிக்காரப் பையன்களும் சேர்ந்து அடித்தார்கள். குட்டி குனிந்தே இருந்தாள். ராசாதான் அழுதான், ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த நாளில் அழுதது மாதிரியே தோள் குலுங்க.

மழை வருமோ என்று பயந்தோம், வரவில்லை. கோயில் சாப்பாடு, வாழை இலையில் சைவம். பருப்பு ரசத்தை மூன்று முறை வாங்கினேன்.

கூட்டம் கலைந்த பிறகு குட்டி மாலையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, குழாய் மேடையில் போய் உட்கார்ந்தாள். ராசா கப்பில் பாயசத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கும் இடம் விட்டார்கள். பெரியம்மா கெமாவிலிருந்து சத்தம் போட்டார்: "கல்யாணப் பொண்ணு, தரையில உட்காராதே, எழுந்து வா!"

"இன்னும் அஞ்சு நிமிசம்மா," என்றாள் குட்டி. தண்ணீர் வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்த நாட்களில் சொன்ன அதே குரல்.