வரலாறு ஆப்ஷனல் தாள் 2: என் விடையில் இல்லாமல் போன அட்லாண்டா

UPSC சிவில் சர்வீஸ் மெயின்ஸ் மார்க் ஷீட் முந்தாநாள் வந்தது. தாள் 2-இல் 132. போன முறை இதே தாளில் 94. அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் முதலில் எடுத்துப் பார்த்தது, போன வருடம் விடை எழுதிப் பழகிய நோட்டைத்தான். அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போர் பற்றிய விடையில் கெட்டிஸ்பர்க் சண்டை பதினான்கு இடத்தில் இருந்தது. தெற்கின் நகரமான அட்லாண்டா ஓரிடத்தில்கூட இல்லை.

போரின் திருப்புமுனைகள் என்றால் சண்டைகளை வரிசையாக எழுதத்தான் கை போகும். 1861 ஏப்ரல் 12 சம்டர் கோட்டை, ஜூலையில் புல் ரன், அப்படியே 1865 ஏப்ரல் 9 அப்போமாட்டாக்ஸ் சரணாகதி வரை. நான் காசு கொடுத்து வாங்கிய நோட்ஸும் அப்படித்தான் இருந்தது. அதை நம்பி, படைகள் நகர்ந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடிமை முறைக்கு இரண்டு வரி. பாடத்திட்டத்திலேயே லிங்கனும் அடிமை முறை ஒழிப்பும் என்று இருக்கிறது. ஒரு வருடம் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தது இன்னும் வலிக்கிறது.

இந்த முறை மாற்றியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சண்டைக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதினேன்: இதற்குப் பிறகு யாருக்கு எது முடியாமல் போனது? புல் ரன்னுக்கு ஒரு வரிதான் மிஞ்சியது: போர் சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கை போனது. ஆன்டீட்டத்துக்கு ஒரு பக்கம் வந்தது.

1862 செப்டம்பர் 17. ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். தெற்கின் தளபதி லீ பின்வாங்கினார், வடக்கின் தளபதி மெக்லெல்லன் துரத்தவில்லை. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அதிபர் லிங்கனுக்கு அது போதும். கிளர்ச்சி செய்த பகுதிகளின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் ஜூலையிலேயே அமைச்சர்களுக்கு வாசித்துவிட்டார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வேண்டாம், ஒரு வெற்றி வரட்டும் என்று தடுத்தவர் வெளியுறவு அமைச்சர் சூவர்ட். ஆன்டீட்டம் முடிந்த ஐந்தாம் நாள் முன்னறிவிப்பு வந்தது, 1863 ஜனவரி 1-இல் பிரகடனம். அதன்பின் தெற்கை அங்கீகரிப்பது பிரிட்டனுக்கு மிகவும் கடினமாயிற்று. கறுப்பின மக்கள் சுமார் 1,80,000 பேர் வடக்கின் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள்.

1863 ஜூலையை ஜோடியாக எழுதுங்கள். கெட்டிஸ்பர்க் 3ஆம் தேதி முடிந்தது. மறுநாளே மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க், 47 நாள் முற்றுகைக்குப் பிறகு வடக்கின் தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தது. ஐந்து நாளில் போர்ட் ஹட்சனும் விழ, மிசிசிப்பி ஆறு முழுவதும் ஒன்றியத்தின் கையில். டெக்சாஸும் ஆர்கன்சாவும் தெற்கிலிருந்து துண்டிக்கப்பட்டன. என்னைக் கேட்டால் விக்ஸ்பர்க்தான் பெரிது.

அப்புறம் அட்லாண்டா. 1864 ஆகஸ்ட் 23 அன்று லிங்கன், தான் அதிபர் தேர்தலில் மறுபடி ஜெயிப்பது நடக்காத காரியம் போலிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். எதிர்க்கட்சி தெற்குடன் சமாதானம் பேசுவோம் என்று தேர்தல் அறிக்கையே வைத்திருந்தது. பத்தே நாளில், செப்டம்பர் 2-இல், அட்லாண்டா வடக்கின் தளபதி ஷெர்மனிடம் விழுந்தது. நவம்பரில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள், எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற அதே மெக்லெல்லனுக்கு 21. அந்தத் தேர்தல் இல்லாமல் 1865 ஜனவரி 31-இல் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கீழவையைத் தாண்டியிருக்குமா? இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சண்டைக்களத்தையும் வாக்குப்பெட்டியையும் நான் அதுவரை வேறு வேறு பாடமாகவே படித்திருந்தேன்.

மற்றவை சுருக்கமாக:

- குறிப்பு அட்டவணையில் இரண்டே பத்திகள்: களத்தில் நடந்தது, வாஷிங்டனில் அரசு செய்தது. ஒரே தாளில் கையால் எழுதுங்கள்.
- 10 மார்க் கேள்விக்கு மூன்று சண்டை போதும். தளபதிகளின் பெயரைக் குறையுங்கள்.
- தமிழில் எழுதுபவர்களுக்கு: தெற்குக்குக் கூட்டமைப்பு, வடக்குக்கு ஒன்றியம் என்று முதல் வரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் போன முறை தெற்கையே ஓரிடத்தில் கூட்டாட்சி என்று எழுதிவிட்டேன். அர்த்தம் நேர் எதிராகப் போய்விடும்.
- போரால் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றதால் பம்பாயில் விலை ஏறியது, 1865-இல் சரிந்தது, அந்தச் சரிவின் பாதிப்பு 1875 தக்காண விவசாயிகளின் கலவரங்கள் வரை நீண்டது. நவீன இந்தியா பகுதிக்கும் இதே குறிப்பு உதவும்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தனியாக உட்கார்ந்து எழுதிப் பார்த்ததுதான் உதவியது.
- விடையை அப்போமாட்டாக்ஸில் முடிக்காதீர்கள். 13ஆம் திருத்தம் ஒப்புதல் பெற்ற 1865 டிசம்பர் 6 வரை கொண்டுபோங்கள். பிரகடனம் தொடாமல் விட்ட கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது அந்தத் திருத்தத்தால்தான்.