நாலாவது தடவையில் தெளிந்த தைம் சாறு

நேற்றோடு 6 வாரம். தைம் என்கிற வாசனை மூலிகையைக் கிளிசரினில் ஊற வைத்து எடுத்த சாற்றை அலமாரியிலிருந்து எடுத்து சன்னல் பக்கம் பிடித்தேன், பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிற கம்பி அப்படியே தெரிகிறது. அடியில் மண்டி இல்லை, மேலே பூசணம் இல்லை, நிறம் பனங்கற்கண்டுப் பாகு மாதிரி. மூன்று தடவை கொட்டிய பிறகு கிடைத்தது என்பதால் எனக்கு இது பெரிய சந்தோஷம்.

முதல் தடவை பச்சை இலையில் போட்டேன், அதுதான் தப்பு. 300 கிராம் பச்சைத் தைம், 200 மில்லி கிளிசரின், 130 மில்லி தண்ணீர். பத்தாம் நாள் வெள்ளைப் படலம் கட்டிவிட்டது. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இலைக்குள்ளேயே முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர், அதுவும் சேர்ந்தால் கிளிசரின் எடையில் 42 சதவீதம்தான் நிற்கிறது. பாதிக்கும் கீழே போனால் கிளிசரின் எதையும் கெடாமல் காக்காது. இரண்டாவது தடவை காய்ந்த இலைதான், ஆனால் மூடாமல் சூடு பண்ணினேன், வாசனையெல்லாம் வீட்டுக்குப் போய் பாட்டிலில் வெறும் கசப்பு மிஞ்சியது. மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்து, வடிகட்டும்போது கெட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை அளவு: நிழலில் காய்ந்து தண்டு நீக்கிய இலை 100 கிராம், கிளிசரின் 375 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீர் 125 மில்லி. இறுக்க மூடிய ஜாடி, தண்ணீர் நிரப்பிய ரைஸ் குக்கரில் வார்ம் வைத்து மூன்று நாள், பகலில் மட்டும். இலை முழுக்க நனையாத மாதிரி தெரியும், மேலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கரண்டியால் அழுத்தினால் போதும்.

இனி வடிகட்டுவது. மூன்றாவது தடவை அவசரப்பட்டு துணியில் கட்டிக் கையால் பிழிந்தேன். சாறு நிறைய வந்தது, கூடவே மாவு மாதிரி இலைத்தூளும் வந்துவிட்டது. அது ஒரு மாதம் ஆனாலும் முழுசாக அடியில் படியவில்லை, படிந்ததும் குலுக்கினால் திரும்பக் கலங்கியது. காபி ஃபில்டர் காகிதத்தில் ஊற்றிப் பார்த்தேன், நாலு மணி நேரத்தில் இரண்டு ஸ்பூன் இறங்கியது. கிளிசரின் குளிர்ந்தால் ஜவ்வு மாதிரி நிற்கும், சூடு ஏறினால் நெகிழும். சுத்தக் கிளிசரின் 20 டிகிரியில் இருப்பதைவிட 60 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் இளகி ஓடும். அப்படியென்றால் வடிகட்டுகிற இடமே சூடாக இருக்க வேண்டும்.

அதற்கு இட்லிப் பானை. அடியில் சுடுதண்ணீர், அதில் ஒரு கண்ணாடி ஜாடி, ஜாடி வாயில் ஸ்டீல் புனல், புனலில் பழைய மல் வேட்டித் துணி நாலு மடிப்பு. கஞ்சி போடாத துணியாகப் பாருங்கள், கஞ்சி இருந்தால் சாறு கலங்கும். துணியைத் தண்ணீரில் நனைக்காமல் ஒரு ஸ்பூன் கிளிசரினில் ஊற வைத்தேன். ஊற்றியதும் பானையை மூடி அடுப்பைச் சிம்மில் விட்டு அந்தப் பக்கமே போகவில்லை. சொட்டுச் சொட்டாக இரண்டரை மணி நேரம் இறங்கியது. பிழியவே இல்லை. 310 மில்லி கிடைத்தது. அதை மூன்று நாள் அசைக்காமல் வைத்து மேல் தெளிவை மட்டும் இறுத்துக் கொண்டேன். துணியில் மிஞ்சியதைத் தனியாகப் பிழிந்து சமையலுக்கு வைத்திருக்கிறேன், அதில் தூள் இருந்தால் பரவாயில்லை.

தைமுக்கு வாசனை தருகிற தைமால் என்ற பொருள் கிளிசரினில் முழுக்க இறங்காது, அது சாராயத்தில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் கரைந்தாலே அதிகம். ஆனால் சாப்பிடத் தகுந்த சுத்தச் சாராயம் வீட்டில் இருந்து செய்கிறவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம், அதனால் இதிலேயே நிற்கிறேன். முகர்ந்து பார்த்த அம்மா "இது நம்ம ஓமந்தானே" என்றார். அவர் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது, ஓம எண்ணெயிலும் தைமால்தான் முக்கியச் சரக்கு. செடிதான் வேற குடும்பம், தைம் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இலை வாங்கியது கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஒரு கிலோ பச்சையாக வாங்கினால் காய்ந்து தண்டு போக 160 கிராம் கிடைக்கிறது. முன்பு இணையத்தில் ஒரு கடையில் காய்ந்தது வாங்கினேன், பாதி குச்சி, வாசனை பேருக்குக்கூட இல்லை, அந்தப் பணம் வீண். கோயம்புத்தூர் மாடியில் வைத்த தொட்டிச் செடி ஐப்பசி மழையில் வேர் அழுகிப் போனது. மண்ணில் பாதி மணல் கலந்து, மழைக்கு உள்ளே எடுத்து வைத்தால் தாங்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கே போடுகிறேன் என்றால், தொண்டை கரகரப்புக்கு ஒரு டீஸ்பூன் வெந்நீரில், பெரியவர்களுக்கு மட்டும். சளி கட்டிய இருமலுக்கு ஐரோப்பாவில் தைம் நெடுங்காலமாக இருக்கிற மருந்து, ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேல் இருமினால் டாக்டரிடம் போய்விடுங்கள். எலுமிச்சை சோடாவில் அரை ஸ்பூன் விட்டால் அற்புதம், உருளைக்கிழங்கு வறுவலில் கடைசியில் விட்டேன், அது தித்தித்துப் போச்சு. வாய் கொப்பளிக்கவும் வைத்திருக்கிறேன், லிஸ்டரினில்கூட தைமால் 0.064 சதவீதம் இருக்கிறது.

முகத்துக்கான டோனர் இன்னும் முடியவில்லை. 5 சதவீதம் சாறு, பன்னீர், பாதுகாப்புக்கு ஃபினாக்ஸி எத்தனால் 0.8 சதவீதம். பன்னீர் நிறைய இருப்பதால் இதில் கிளிசரினை நம்பிப் பாதுகாப்பை விட முடியாது. முழங்கை மடிப்பில் தடவி இன்று இரண்டாம் நாள், சிவக்கவில்லை, இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. தைம் எண்ணெயை நேராகத் தோலில் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், தைமால் எரிச்சல் தரும்.

இதற்கிடையில் கற்பூரவல்லி இலை ஒரு முறம் நிறைய மொட்டை மாடி நிழலில் கிடக்கிறது. அது சதைப்பற்றுள்ள இலை, பெரும்பாலும் தண்ணீர்தான், மூன்று நாள் ஆகியும் நடு நரம்பு வளைகிறதே தவிர ஒடியவில்லை. ஒடிந்ததும் ஜாடியில் போடுவேன்.