ஆடி மாசத்து ஹெரால்டு

ஜூலை 15, 2025, செவ்வாய். திருச்சி

மெக்கானிக் பாய் ஹெரால்டு காரைக் கொடுத்துவிட்டார். போகும்போது சொன்னதையே நாலு தடவை சொன்னார்: "வழியில எவன்கிட்டயும் சர்வீஸுக்கு விட்டுடாதீங்க சார். டிரன்னியன்ல கிரீஸ் கன்னை வச்சுடுவான்." முன் சக்கரம் திரும்புகிற மூட்டு அது. உள்ளே பித்தளை மரை. அதற்கு 90 நம்பர் ஆயில்தான். கிரீஸ் அடித்தால் ஆயில் உள்ளே போகாது, மரை காய்ந்து தேயும், ஒருநாள் நட்டநடு ரோட்டில் சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இதைச் சொல்கிறார். சொல்லட்டும்.

ஆயில் கேன் டிக்கியில். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து ஐஸ் ஃபிளாஸ்கில்.

ஜூலை 16, புதன்

பையன் போன் பண்ணினான். "வாடகைக்கு ஒரு கார் எடுத்துட்டுப் போங்கப்பா, டிரைவரோட." டிரைவரோட என்பதை மட்டும் அழுத்திச் சொன்னான். இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

லைசென்ஸ் ஆகஸ்ட் 9 வரைக்கும் செல்லும். ஆகஸ்ட் 9 வரைக்கும் நான் டிரைவர்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1. காரைக்குடி

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். புதுக்கோட்டைக்கு முன்னால் டீக்கடையில் முதல் ஆள்: "சார், இது ஃபியட்டா?" திருமயத்தில் இரண்டாவது. கோட்டைக்குக் கீழே நிறுத்தியிருந்தபோது கூடக் கேட்டார்கள். என்னிடம் பதில் எப்போதும் தயார். ஃபியட் இல்லைங்க, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் செஞ்சது. வரைஞ்சவர் இத்தாலிக்காரர், மிக்கெலோட்டின்னு பேரு. இங்கிலாந்துல 1959ல வந்துச்சு, நம்ம ஊருல 1961. இது 1967 வண்டி. இவள் கதவோரம் நின்று வாய்க்குள் கூடவே ஒப்பிக்கிறாள்.

வண்டி இன்று சொன்னபடி கேட்டது. ஊர் எல்லை தாண்டி மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குத் தள்ளும்போது ஒரு முனகல் வரும். அது நின்றதும் காற்று மட்டும் கேட்கும். அதற்காகத்தான் ஐம்பது வருஷத்து வண்டிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். செட்டிநாட்டுத் தெரு ஒன்றில் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டேன். பின்னால் வந்த புது எஸ்யூவி நாலு தடவை முன்னே பின்னே போய்த் திரும்பியது. ஹெரால்டு ஒரே ஒடிப்பில் திரும்பிவிட்டது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி. அந்த டிரைவர் இறங்கிப் பார்த்தார். அவரும் கேட்டார். மூன்று.

இரவு 9 மணி, சொட்டு. லாட்ஜில் ஃப்ரிட்ஜ் இல்லை. எதிர்க்கடை ஜூஸ்காரரிடம் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்கை நிரப்பினோம். பத்து ரூபாய்.

ஜூலை 18, வெள்ளி

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஹெரால்டு கதவுக் கைப்பிடி தேடினேன். கிடைத்தது ஒரு எனாமல் தூக்கு. இவளுக்கு.

ஜூலை 19, சனி. ராமேஸ்வரம்

பாம்பன் பாலத்தில் காற்று. 800 கிலோ வண்டியை அது ஓரம்கட்டப் பார்க்கிறது, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். கீழே புது ரயில் பாலம், ஏப்ரலில் திறந்தது. தூக்கின் கோபுரங்கள் மட்டும் கண்ணுக்குள் நின்றன. 1914 பாலம் பக்கத்திலேயே, கத்தரி மூடினாற்போல. எல்லாரும் நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். இவள் "நிறுத்தாதீங்க" என்றாள். எனக்கும் நிறுத்த மனமில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்போது யாரும் எதையும் கேட்பதில்லை.

கடற்காகங்களை எண்ணினேன். ஒன்பது. இடது கண்ணை மட்டும் திறந்து எண்ணினேன். ஆறு. பறந்துபோயிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு. தனுஷ்கோடி

இன்றைக்கு வந்த சண்டையை எழுதிவைக்கிறேன்.

அரிச்சல்முனை ரோடு 2017ல்தான் திறந்தது. அதற்கு முன்பு மணலில் வேன்காரர்கள் கூட்டிப்போவார்கள், குடல் வாய்க்கு வரும். இப்போது நேர் கோடு. தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல், நடுவில் நாங்கள். 1964 புயலுக்குத் தப்பி நிற்கிற தேவாலயச் சுவரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இருமியது, நின்றது. ஏர் லாக். வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடுகிறது. இப்போது போடுகிற எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் வேறு ஊறிப்போகிறது, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தைப் போன மாதம்தான் மாற்றினேன்.

பானட்டைத் திறக்கவேண்டும். ஹெரால்டுக்கு முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து, முதலை வாய் போல முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உலகத்தில் இதைவிட வசதியான நாற்காலி கிடையாது. ஆனால் ஆடிக் காற்று பின்னாலிருந்து அடித்தால் அது பாய்மரம். இவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினாள், சேலைத் தலைப்பு முகத்தை மூடிவிட்டது.

பம்புக்கு ஈரத்துணி போட்டேன். துணி ஒரு நிமிஷத்தில் காய்ந்தது. தண்ணீர் பாட்டில் வெந்நீராகியிருந்தது. குளிர்ச்சி என்று இருந்தது ஃபிளாஸ்க் ஒன்றுதான். மருந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஐஸ் அத்தனையையும் துணியில் முடிந்து பம்பில் கட்டினேன். பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

இவள் பானட்டை விடாமலேயே சொன்னாள்: "கண்ணா, காரா?"

ரூம் வரும்வரை பேசவில்லை. 9 மணிக்குச் சொட்டு விடும்போது மருந்து உடம்புச் சூட்டில் இருந்தது. வழக்கமான அந்தச் சில்லிப்பு இல்லை. அதையும் இவள் கவனித்தாள்.

ஜூலை 21, திங்கள்

எழுதுவதற்கில்லை.

ஜூலை 22, செவ்வாய். திருச்செந்தூர்

நேற்று. அமாவாசைக் கூட்டத்துக்கு ரூம் வேண்டுமென்று லாட்ஜில் காலி செய்யச் சொன்னார்கள். ராமநாதபுரம் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். சாயல்குடி தாண்டிப் பனைமரக் காடு. ரோடு காலி. வண்டி நாற்பத்தைந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போனது.

இடதுபுறம் மண்பாதையிலிருந்து ஒரு பையன், டிவிஎஸ்ஸில், முன்னால் இரண்டு தண்ணீர்க் குடம். இவள் கத்தினாள். நான் மிதித்தேன். டிரம் பிரேக், வண்டி ஒரு பக்கமாக இழுத்து நின்றது. குடம் ஒன்று உடையாமல் உருண்டது, பிளாஸ்டிக். பையனுக்கு ஒன்றுமில்லை. காலை ஊன்றி நின்றான், வாயில் வந்ததைச் சொன்னான், பிறகு வண்டியைப் பார்த்தான். "அண்ணே, இது ஃபியட்டா?"

அவன் திடீரென்று வந்தான் என்று இவளிடம் சொன்னேன். திடீரென்று வரவில்லை. மண்பாதை நூறு அடிக்கு வெட்டவெளி, தூசி கிளப்பிக்கொண்டுதான் வந்திருப்பான். இவள் தூசியைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அவன் பானட்டுக்கு முன்னால்தான் முளைத்தான்.

கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னது ஞாபகம் வருகிறது. "நேரா பாருங்க சார், புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுக்குங்க." நிறைய அமுக்கினேன். சில நேரம் இருக்கும் என்று நினைத்தே அமுக்கினேன். பரிட்சையில் பிட் அடித்தவன் போல வெளியே வந்து இவளிடம் சிரித்தேன். டாக்டரம்மா காகிதத்தை எடுத்து, இடது ஓரத்தில் இருந்த கறுப்பைப் பேனாவால் ஒருமுறை சுற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ரோட்டில் அத்தனை புள்ளியும் நடமாடுகிறது. குடத்தோடு.

கோயிலில் குடமுழுக்கு முடிந்து இரண்டு வாரம், கூட்டம் குறையவில்லை. நான் உள்ளே போகவில்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்து டிரன்னியனுக்கு ஆயில் விட்டேன். தேவையே இல்லை.

ஜூலை 23, புதன். மணப்பாடு

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். தேரி மணல் சிவப்பாக ரோடுவரை வந்து கிடக்கிறது. அங்கே இவள் நிறுத்தச் சொன்னாள். கைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து டாஷ்போர்டில் வைத்தாள். போன வருஷமே புதுப்பித்திருக்கிறாள். 1996ல் எடுத்தது. இந்த வண்டியை நான் ஒருநாளும் அவளிடம் கொடுத்ததில்லை. கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறாளாம், இரண்டு தடவை. தேதி சொல்கிறாள்.

முதல் கியருக்கு வண்டி முழுசாக நிற்கணும், இல்லாவிட்டால் பல் கடிக்கும் என்றேன். கடிக்க வைத்தாள். மூன்று தடவை. எனக்கு வயிற்றில் கடித்தது. நாலாவது தடவை கடிக்கவில்லை. மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் மேடு தெரிகிறவரை ஓட்டினாள், முப்பதைத் தாண்டாமல். இடது சீட்டில் உட்கார்ந்தால் இந்த வண்டி இவ்வளவு ஆடுமா?

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை. கன்னியாகுமரி

கூட்டம். ஐஸ் இருபது ரூபாய்.

ஜூலை 25, வெள்ளி

ராத்திரி ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன். இவள்தான் ஓட்டினாள். பதினேழு. இவளையும் எண்ணச் சொன்னேன். "ரோட்டைப் பாக்கணுங்க" என்றாள்.

ஜூலை 26, சனி. காலை 5.40

விழித்துப் பார்த்தால் சாவியைக் காணோம், இவளையும் காணோம். கீழே செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்கிறது, இரண்டு தடவை, மூன்று தடவை. சோக்கை இழுக்காமல் அடிக்கிறாள். ஜன்னலைத் திறந்து