முதலில் கேட்கிறவர்கள்

ஒரு விளையாட்டு வீரர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியில் சொன்னால், உலகம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றுதான் செய்திகள் எழுதுகின்றன. எத்தனை பேர் பாராட்டினார்கள், எத்தனை பேர் ஏசினார்கள், எந்த நிறுவனம் விளம்பரத்தைப் பறித்தது என்ற கணக்குகள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை போய்விட்டது. முதலில் கேட்ட இரண்டு மூன்று பேர் என்ன செய்தார்கள் என்பதைத்தான் தேடிப் படிக்கிறேன்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1981இல் பத்து லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனார். பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். 1990இல் ஒரு நாளிதழில் தன்னைப் பற்றிச் சொன்னார். அவருடைய தம்பி ஜானும் பெரிய கால்பந்து வீரர். பெற்றோரைப் பிரிந்து, வளர்ப்பு வீட்டில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள். அந்தத் தம்பியே அண்ணனைப் பகிரங்கமாக ஒதுக்கினார். 1998 மே மாதம் லண்டனில் ஜஸ்டின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 37. அப்போது அமெரிக்காவில் அவர் மீது ஒரு பாலியல் புகாரும் இருந்தது. சாவுக்கு இன்னதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தம்பியின் வாயிலிருந்து வந்த சொல் அரங்கம் முழுவதும் கூடிக் கத்துவதைவிடக் கனமானது. பல ஆண்டுகள் கழித்து ஜான் வருந்திப் பேசினார். அதைக் கேட்க அண்ணன் இல்லை.

வேல்ஸ் ரக்பி அணியின் முன்னாள் தலைவர் கேரத் தாமஸின் கதை வேறு. நாட்டுக்காக 100 ஆட்டங்கள் ஆடியவர். உலகம் அறிந்தது 2009 டிசம்பரில். ஆனால் 2006இலேயே, உடைமாற்றும் அறையில் அழுது உடைந்துபோன நாளில், பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சனிடம் சொல்லிவிட்டார். தனியாக இதைச் சுமக்காதே என்று சொல்லி, ஸ்டீஃபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் என்ற இரண்டு சக ஆட்டக்காரர்களிடம் ஜான்சனே எடுத்துச் சொன்னார். தாமஸ் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் வந்து தோளைத் தட்டி, இதில் ஒன்றுமில்லை, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் தூத்தி சந்த், 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருத்தியுடன் தனக்குள்ள உறவைச் சொன்னபோது, அவருடைய அக்காவே ஊடகங்களின் முன்னால் எதிர்த்தார். இரண்டே மாதத்தில் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார் தூத்தி. வீட்டில் கதவு சாத்தப்பட்டிருக்கும்போது அப்படி ஓடக் கால்களுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ.

எங்கள் ஊருக்கு வருகிறேன். போன ஆடியில், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். பின்கட்டில் பெண்கள் வரிசையாக நின்று ஊற்றிக்கொண்டிருந்தோம். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்க மகளிர் அணியில் ஆடிய மரிசான் காப்பும் டேன் வான் நீகெர்க்கும் 2018 ஜூலையில் மணந்துகொண்டவர்கள். அதே ஆண்டு நவம்பரில், மகளிர் டி20 உலகக் கோப்பையில், இலங்கைக்கு எதிராக இருவரும் சேர்ந்து 67 ஓட்டங்கள் எடுத்து அணியைக் கரைசேர்த்தார்கள். வான் நீகெர்க்தான் அப்போது அணித் தலைவி. என் மாமியார் அந்த ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர். அவரே சொன்னார்:

“நன்றாக விளையாடட்டும், யார் வேண்டாம் என்றது? அதை ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?”

என் பக்கத்தில் கரண்டி பிடித்திருந்தவள் எங்கள் அணிப் பெண் ஒருத்தி. கூழ் குவளையின் விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. அவள் கரண்டியைச் சாய்த்தபடியே நின்றாள். என் மாமியாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். “அத்தை, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் கொள்ளாமல் ஆள் கூப்பிட்டோமே, அது ஊருக்குச் சொன்னது இல்லையா?” என்று கேட்டேன். “அது வேறு” என்றார். வேறு இல்லை அத்தை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

சட்டம் இருக்கிறதே, பிறகென்ன என்பார்கள். உண்மைதான். பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 2006இல் திருமண உரிமையும் வந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்குள், 2008 ஏப்ரலில், தேசிய மகளிர் கால்பந்து அணியான பன்யானா பன்யானாவில் ஆடிய யூடி சிமெலானேயைக் குவாதேமாவில் கூட்டாகச் சீரழித்துக் குத்திக் கொன்றார்கள். வயது 31. தன்னை ஒளிக்காமல் வாழ்ந்தவர். ஆட்டம் நின்றபின் நடுவராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கொலையாளிகளில் ஒருவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அவருடைய பாலீர்ப்புக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று நீதிபதி கருதினார். அந்தக் கருத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பெற்ற தாயும் தந்தையும் மகளைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள். வீட்டின் அன்பு இருந்தும் தெருவின் கத்தியைத் தடுக்க முடியவில்லை. அவர் பெயரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது. நம் தமிழ்ச் சங்கங்களிலிருந்து எத்தனை பேர் போய்க் கேட்டிருப்போம்?

சென்ற பருவத்தில் ஒரு தந்தை மகளை எங்கள் அணியிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். கால்பந்து ஆடினால் பிள்ளை ‘அப்படி’ ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். இடதுகாலால் மைதானத்தின் மறுகோடிக்குப் பந்தை அளந்து அனுப்பத் தெரிந்த பிள்ளை அவள். போகிற அன்று காலணியைக் கழற்றி, மண்ணைத் தட்டி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அணிக்குச் சொந்தமான காலணி அது. நீயே வைத்துக்கொள் என்றேன். அப்பா வேண்டாம் என்பார் என்றாள்.

வருகிற பருவத்தின் முதல் பெற்றோர் கூட்டத்தில், கட்டணம், சீருடை, பஸ் ஏற்பாடு இதையெல்லாம் பேசுவதற்கு முன்பே இதைப் பேசப்போகிறேன். எந்தப் பிள்ளை யாரை விரும்பினாலும் இந்த அணியில் அவளுக்கு இடம் உண்டு, அதை யாரும் விசாரிக்க மாட்டோம், கேலி செய்கிறவள் அந்த வாரம் ஆடமாட்டாள் என்று பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொண்டே சொல்வேன். சில பெற்றோர் எழுந்து போகலாம். போன பிள்ளையின் தந்தைக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன்.