கெல்ம்ஸ்காட் வீட்டின் கல் கூரை

மே 14
லெச்லேடிலிருந்து தேம்ஸ் கரையோரமாகவே நடந்து கெல்ம்ஸ்காட் வந்தேன். ஆங்கிலேயத் துணி வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1871-இல் வாடகைக்கு எடுத்த வீடு என்பதால் வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே தொங்கும் திரைச்சீலைகளைத்தான் தேடுகிறார்கள். எனக்கு வீடே போதும். 1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்கே ஒரு பகுதியைச் சேர்த்தார்கள்.

மே 15
இன்று முழுக்கக் கூரைதான். ஓடுகளும் கல்லே. இறவாணத்தில் அகலமான பலகைக் கற்கள். மேலே ஏற ஏற அளவு குறைந்துகொண்டே போய் முகட்டருகே கையகலத்துக்கு வந்துவிடுகிறது. அழகுக்காக மட்டும் இப்படி அடுக்கவில்லை. கூரையின் நீரெல்லாம் கடைசியில் கீழ் வரிசைகளைத்தான் கடக்கிறது. அங்கே இணைப்புகள் குறைவாக இருந்தால் ஒழுக்கும் குறையும். பெரிய கற்களின் பாரத்தையும் சுவர் நேராக வாங்கிக்கொள்கிறது. வெட்டியெடுத்த கல்லில் பெரியது சிறியது எதுவும் வீணாவதில்லை.

ஓட்டைப் பிளந்து கொடுப்பது பனி. ஆக்ஸ்போர்டுஷையரில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு இதற்குப் பெயர்போன ஊர். பூமிக்கடியில் எடுத்த கல்லை ஈரம் காயாமல் வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிய, கல் படிவு படிவாகப் பிரியும். காய்ந்துவிட்டால் பிரியாது. குளிர் ஏமாற்றிய வருடத்தில் ஓடும் கிடையாது! அந்தச் சுரங்கங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டன.

பிளந்த ஓட்டின் தலையில் துளையிட்டு, ஓக் முளை செருகி, ரீப்பரில் தொங்கவிடுவார்கள். முரட்டுக் கல் என்பதால் ஓடுகள் ஒட்டிப் படியாது. நீர் தேங்காமல் ஓட வேண்டுமானால் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். செங்குத்தான கூரையை அகலமான வீட்டின்மேல் போட்டால் அது வானத்துக்கே போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகள் ஓர் அறை அகலத்தில் நீண்டு கிடக்கின்றன. வீட்டின் வடிவத்தையே ஓடு தீர்மானித்திருக்கிறது.

மே 17
பரண் அறைகளுக்கு ஏறினேன். முன்பு பண்ணையாட்கள் படுத்த இடம். கைமரங்கள் அப்படியே வெளியே தெரிகின்றன.

மே 18
பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுசாக்குவதைப் பார்த்துக் கொதித்துத்தான் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடம் பராமரி, புதுசாக்காதே என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். அதே இணைப்பில் சிமென்ட் அடைத்தால் ஈரம் கல்லுக்குள் சிக்கி, உறைபனியில் முகம் உதிரும். போகிற வழியெங்கும் இப்படிச் சிதைந்த சுவர்களைக் காண்கிறேன், வயிறு எரிகிறது.

நாளை கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். 13ஆம் நூற்றாண்டில் பியூலி மடத்துத் துறவிகளுக்காகக் கட்டியது. மோரிஸுக்கு மிகவும் பிடித்த கட்டடம். அங்கேயும் கல் ஓடுதான்.