தோப்பை வைத்து லோன் கிடைக்குமா? ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் இப்போது கட்டணம் வாங்குகிறது. மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ, அவ்வளவுதான். ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ கட்டிக் காட்ட வேண்டும். போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் 12 மாதத்துக்கு அதுவே உங்களுக்குத் திரும்பி வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 11,90,400 ரூபாய்.

சிக்கல் இங்கேதான். பொதுத்துறை வங்கிகளில் சொத்து அடமானம் இல்லாத கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்தோடு நிற்கும். அதற்கு மேல் போனால் பத்திரம் கேட்பார்கள். "குலசேகரத்துல ரெண்டு ஏக்கர் ரப்பர் கெடக்கே" என்று தைரியமாகப் போய் நின்றால், மேனேஜர் தலையை ஆட்டிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. கடன் வாராமல் போனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தை ஏலம் விட வங்கிக்கு உரிமை தருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குத் தருகிறது. ஆகவே ரப்பர், தென்னை, வாழை எதுவானாலும் சந்தை விலை எத்தனை கோடி போனாலும் வங்கிக்கு அது அரைகுறைப் பிணைதான். அஞ்சு சென்டில் வரி ரசீதோடு ஒரு வீடு இருந்தால் அதையே முதலில் நீட்டுங்கள்.

வீடும் சும்மா நகராது. பட்டா தாத்தா பேரிலேயே இருக்கும், இல்லையென்றால் அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். ஒருத்தர் மஸ்கட்டில், ஒருத்தர் பஹ்ரைனில். கூட்டுச் சொத்து என்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். வங்கி வக்கீல் 30 வருட வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் கேட்பார். 1956 நவம்பர் 1 வரை நம் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால் அதற்கு முந்தைய மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கலாம். அப்படி ஒன்று பெட்டியில் கிடந்தால் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அக்டோபரில் வகுப்பு தொடங்கிவிடும், நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

வங்கியில் இன்னொரு முட்டுக்கட்டை வரும். லோன் ஃபார்மில் கல்லூரிக் கட்டண விவரம் கேட்பார்கள், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. பிளாக்டு அக்கவுன்ட் தொகையை வாழ்க்கைச் செலவாகக் காட்டி, அது மொத்தமாக அந்தக் கணக்குக்கே அனுப்பப்படும் என்று கடன் ஒப்புதல் தரும் சாங்ஷன் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். மேனேஜர் மாறினால் பேச்சும் மாறும்.

அப்பா வளைகுடாவில் இருந்தால் வேறு வழி உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கு அவருக்கு இருந்தால், அதிலிருந்து நேரே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் உச்சவரம்பும், அனுப்பும்போதே வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் பிடித்தமும் அதற்குக் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அவருடைய சம்பளச் சான்றும் உறவைக் காட்டும் உங்கள் பிறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அனுப்பும்போது சரியாக 11,904 அனுப்பாதீர்கள். இடையில் இருக்கும் வங்கி 15, 20 யூரோ கழித்துவிட்டால் கணக்கு குறைவாகிவிடும், முழுத்தொகை இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் உறுதிக் கடிதம் வராது, மறுபடி அனுப்ப மறுபடி கட்டணம். எல்லாச் செலவும் அனுப்புபவருக்கே என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, 100 யூரோ கூடவே போடுங்கள். மாற்று விகிதத்தை இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். யூரோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் 11,904 ரூபாய் போச்சு.

இதற்கெல்லாம் முன்பே சரிசெய்ய வேண்டியது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஜெபின் செ.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள். விரித்து எழுதும்போது சிலர் மொத்தத்தையும் இயற்பெயர் கட்டத்தில் போட்டு, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு ஃபார்மிலும் ஒவ்வொரு மாதிரி பெயர். பெயர் ஜெபின், குடும்பப் பெயர் செல்வராஜ் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்; அதன் விண்ணப்பத்திலும் அதே வடிவத்தையே கொடுங்கள். சான்றிதழில் பெயர் வேறுபட்டால் இரண்டும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் சேர்த்து வையுங்கள்.

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் விதம் சுருக்கமாக. 10-இலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழியுங்கள். 10-இலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளியையும் கழித்து, முதலில் வந்ததை இதனால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். ஜெர்மனியில் 1 தான் உச்சம். 8.0 எடுத்தவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2, 6 என்றால் 2.5. நிறைய படிப்புகள் 2.5-இல் கோடு போடுவதால், உங்கள் தேர்ச்சிப் புள்ளி எது என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கையில் தனியாகவும் கொஞ்சம் யூரோ வேண்டும். அங்கே போய் முகவரி பதிந்து வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் முதல் 992 விடுபடும், வீட்டுக்காரரோ மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம்.